அந்தப் பதக்கத்தை வைக்க முடியாது என்று சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தில் படைவீரர் நினைவுச் சுவர் கட்டும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், அதற்கான குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற படை அலுவலர்களுக்கும்,

என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் நாயக்காக இருந்தவர். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவர், 1987 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடி அகற்றும்போது இறந்தார். இறந்த பிறகு வீரச்செயலுக்கான சேனா பதக்கம் கொடுத்தார்கள். நினைவுச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பேழை வரப்போகிறது, வீட்டில் பதக்கம் வைத்திருக்கும் குடும்பத்தார் கொண்டுவந்து காட்டலாம் என்று அறிவித்தது நீங்கள்தான். நாங்களாக வந்து நிற்கவில்லை. நீங்கள் கூப்பிட்டீர்கள், அம்மா வந்தார், நான் கூட வந்தேன்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று பதக்கங்கள் உண்டு. ஒன்பது வருடப் பணிக்காகக் கொடுத்தது ஒன்று. 'ஸ்ரீலங்கா' என்று பட்டை பொருத்திய விசேஷ சேவைப் பதக்கம் ஒன்று. மூன்றாவது சேனா பதக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்றையும் புரட்டிப் பார்த்தார், ஒன்பது வருடப் பதக்கத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, "இதை வைக்கலாம்மா, மத்த ரெண்டும் வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டோம். அது போர் இல்லை, அமைதிப் பணி என்றார்கள். அப்புறம் இன்னொருவர், இலங்கைக்குப் போனவர்களைச் சுவரில் போட்டால் யாராவது வந்து பிரச்சினை செய்வார்கள் என்றார். கடைசியாக, மேலே கேட்டாகிவிட்டது, இதுதான் முடிவு என்றார்கள். அப்பாவின் பெயரை விட்டுவிட மாட்டார்களாம், 'பணியின்போது காலமானோர்' என்று கீழே ஒரு தலைப்பு இருக்கிறதாம், அதில் இடமும் வருடமும் இல்லாமல் பெயரை மட்டும் போடுவார்களாம்.

அதாவது, ஒன்பது வருடம் உயிரோடு வேலை பார்த்ததற்குக் கிடைத்த பதக்கம் உங்களுக்குச் சரி, உயிரை விட்டதற்குக் கிடைத்தது சரியில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. கோபத்தில்தான், வேறொன்றும் இல்லை.

நோயிலும் விபத்திலும் இறந்த வீரர்கள் அந்தத் தலைப்பின் கீழ் வருகிறார்கள். அவர்களும் சீருடையில் இருந்தவர்கள்தான், அவர்கள் குடும்பமும் எங்களைப் போலத்தான் அழுதிருக்கும். அவர்களோடு அப்பாவைச் சேர்ப்பது அவமானம் என்று நான் சொல்லவில்லை. அப்பா எப்படி இறந்தார் என்று அரசே விருதுக் குறிப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறது, அதை மாற்றி எழுத உங்களுக்கு உரிமை இல்லை என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் குறிப்பு சின்னது, சில வரிதான். மீதியைச் சொன்னவர் அப்பாவோடு அதே கம்பெனியில் இருந்த ஒரு மாமா. ஓய்வுபெற்று ஊருக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பர் என்றால் என்ன வேலை என்று உங்கள் குழுவில் இருக்கும் அலுவலர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: படை ஒரு சாலையில் நகரும்போது எல்லோருக்கும் முன்னால் நடப்பவன் சாப்பர். யாழ்ப்பாணத்துச் சாலைகளிலும் மதகுகளின் அடியிலும் வெடி புதைத்து, அதிலிருந்து கம்பியை இழுத்துக்கொண்டு போய்ப் பனங்காட்டுக்குள் ஒருவர் காத்திருப்பார். வண்டி மேலே வரும்போது அழுத்தினால் போதும். உலோகம் அதிகம் இல்லாமல் செய்த வெடியைக் கருவி காட்டிக்கொடுக்காது, கையில் குத்தூசியோடு மண்டிபோட்டு மண்ணைத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும்.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தமிழ் தெரிந்தவர் என்பதால் வேறு பிரிவுகளும் அவரை மொழிபெயர்க்கக் கூட்டிப்போவார்கள். பஞ்சாபியோ கூர்க்காவோ கேட்பதை யாழ்ப்பாணத்து மனிதர்களிடம் தமிழில் கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதைத் திரும்ப இந்தியில் சொல்ல வேண்டும். அது கண்ணிவெடியை விடக் கஷ்டமான வேலை என்று அப்பா மாமாவிடம் சொல்லியிருக்கிறார். பயத்தில் நிற்கும் ஒரு பெரியவர், அதட்டுகிறவனைப் பார்க்காமல் அப்பாவைத்தான் பார்ப்பாராம்.

கடைசி நாள் காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த கிழவி அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த மதகடியிலை கால் வைக்காதையுங்கோ" என்று சொன்னாராம். அந்த அம்மாள் ஏன் சொன்னார், சொன்னதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அப்பா பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டு வெடிகளை எடுத்துவிட்டார். மூன்றாவது வெடித்தது. பின்னால் நின்ற வண்டிகளில் இருந்தவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள், அதில் ஒருவர்தான் அந்த மாமா. அப்பாவுக்கு அப்போது வயது 30.

இதைத்தான் இடமும் வருடமும் இல்லாமல் கீழே ஓர் ஓரத்தில் எழுதிவிடலாம் என்கிறீர்கள்.

எங்களுக்கு உடல் வரவில்லை. செத்தவர்களை ஊருக்கு அனுப்பும் வழக்கம் கார்கிலுக்கு முன்னால் பெரும்பாலும் இல்லை, களத்திலேயே எரித்துவிடுவார்கள். முதலில் தந்தி வந்தது, பிறகு அஸ்தி வந்தது, அப்புறம் டிரங்குப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் கேன்டீன் சோப்பு பிரிக்காமல் இருந்தது என்று அம்மா சொல்வார். அம்மாவுக்கு அப்போது 24, எனக்கு மூன்று.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. அந்த வருடம் தமிழ்நாடே அப்படித்தான் இருந்தது. இலங்கைத் தமிழருக்காக ஊர்வலம் போன ஊர், மண்டபம் முகாமுக்குத் துணிமணி சேர்த்து அனுப்பிய ஊர், அம்மாவே கொடுத்திருக்கிறார். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டபோது நம் ஆட்கள் தமிழர்களைக் காப்பாற்றப் போகிறார்கள் என்று சந்தோஷப்பட்டவர்கள்தான் அத்தனை பேரும். அக்டோபரில் அதே படை புலிகளோடு சண்டை போடத் தொடங்கியது, அதுதான் ஆபரேஷன் பவன். அதற்கு அடுத்த மாதம் இறந்துபோன ஒரு தமிழ்ச் சிப்பாயின் வீட்டில் வந்து உட்கார்ந்து என்ன சொல்ல முடியும்? பாகிஸ்தான் எல்லையில் செத்திருந்தால் வாசலில் பந்தல் போட்டுக் கொடி கட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

1990 மார்ச்சில் அமைதிப்படை திரிகோணமலையிலிருந்து கப்பலேறி வந்தது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலைப்பாடு. அதில் அரசியல் இருந்தது, அன்றைய தமிழ்நாட்டு மனநிலையும் இருந்தது, இரண்டையும் நான் மறுக்கவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது, பள்ளியில் ஒரு பையன் "உங்கப்பா அங்க யாரைச் சுட்டாரு?" என்று கேட்டான். அடுத்த வருடம் மே 21, ஸ்ரீபெரும்புதூர். அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். எங்கள் வீட்டு வாசலை மிதிக்காத ஒரு கட்சிக்காரர் மாலையோடு வந்து அப்பா படத்துக்குப் போட்டு, கூடவே போட்டோவும் எடுத்துக்கொண்டார். அப்பா அதே அப்பாதான், அந்த மதகும் அதே மதகுதான். நாலு வருடத்தில் ஊர் இரண்டு தடவை அவரைப் பற்றி மனம் மாறியது, இப்போது நீங்கள் மூன்றாம் தடவை மாறுகிறீர்கள்.

பதக்கம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். படையின் விருது விழாவுக்கு அம்மாவை வரச் சொன்னார்கள். தாத்தா கூடப் போனார். இறந்தவர்களின் மனைவியருக்குச் சட்டையில் குத்த மாட்டார்கள், கையில் கொடுப்பார்கள். சிவப்பு ரிப்பன், நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு, விளிம்பில் அப்பாவின் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அன்று அந்த மைதானத்தில் ஒரு சுபேதார் அம்மாவுக்கு சல்யூட் அடித்தார். தன்னை ஒருவர் நிமிர்ந்து பார்த்து மரியாதை செய்தது அந்த நான்கைந்து வருடங்களில் அதுதான் முதல் தடவை என்று அம்மா சொன்னதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பணத்துக்காகத்தான் இவ்வளவும் என்று யாராவது நினைத்தால், அந்தக் கணக்கும் இதோ. சேனா பதக்கத்துக்கான மாதப்படி 2017 வரை ஆயிரம் ரூபாய், அந்த வருடம் இரண்டு மடங்காக்கி 2,000 ஆக்கினார்கள். அதே வருடம் இன்னொன்றும் மாறியது. விருது பெற்ற வீரரின் விதவை மறுமணம் செய்தால் படி நின்றுவிடும், இறந்தவரின் சகோதரனையே மணந்தால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி அதுவரை இருந்தது. 2017 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது 54 வயது. 24இல் அந்த விதியை முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டியவர் என் தாத்தா, படித்துவிட்டு சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாராம். அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

சரி, உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

அது போர் இல்லை என்கிறீர்கள். 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம் வீர் சக்ரா அந்தப் பணிக்காக மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மும்பையில் பிறந்த தமிழர், 8ஆவது மஹார் பட்டாலியன். 1987 நவம்பர் 25 அன்று பதுங்கித் தாக்கியவர்களோடு நடந்த சண்டையில், மார்பில் குண்டு வாங்கிய பிறகும் சுட்டவனின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டு, தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இறந்தவர். 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில், கருங்கல்லில் பொறித்த 25,000க்கும் மேற்பட்ட பெயர்களில் இலங்கையில் இறந்தவர்கள் பெயரும் இருக்கிறது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார், கையால் தடவிப் பார்த்தார். டெல்லியில் கல்லில் இருக்கும் பெயர், சொந்த மாவட்டத்துக் கல்லில் வரக்கூடாதா?

இன்னொன்று. அமைதிப்படையை வெளியேறச் சொன்ன அதே இலங்கையில், கொழும்புக்குப் பக்கத்தில் அந்த வீரர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. இந்தியப் பிரதமர் 2015இல் அங்கே போய் மலர்வளையம் வைத்தார். அந்த நாட்டுக்கே இல்லாத தயக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

யாராவது பிரச்சினை செய்வார்கள் என்பதுதான் உண்மையான காரணம், மற்றதெல்லாம் சும்மா. அதைப் பற்றி நேராகவே பேசுவோம். அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் செய்தது எல்லாம் நல்லது என்று நானோ அம்மாவோ ஒருநாளும் சொன்னதில்லை. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். அங்கே வருடாவருடம் அவர்களை நினைத்து விளக்கேற்றுகிறார்கள், ஏற்றத்தான் வேண்டும். அவர்களும் தமிழர்கள், அப்பா பேசிய மொழியைப் பேசியவர்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் என் முன்னால் வந்து நின்று உன் அப்பாவின் படை என் தாயைக் கொன்றது என்று சொன்னால், எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. படையை அங்கே அனுப்பியது சரியா தவறா என்று இத்தனை வருடமாக வாதம் நடக்கிறது, நடக்கட்டும். அனுப்பியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். மதகுக்குக் கீழே இருந்தது மாதச் சம்பளத்துக்குப் போன ஒரு விவசாயியின் மகன்.

அப்பாவின் பெயரைப் போட்டால் அந்தப் போரைப் புகழ்ந்ததாகிவிடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். நீங்களே நினைவுச் சுவருக்கான மாதிரிப் பலகையில் பெருமையாக வைத்திருக்கும் சுபேதார் சுப்பிரமணியனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் மெட்ராஸ் சாப்பர்தான். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கப்போவதைப் பார்த்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேல் தன் உடலைப் போட்டுக்கொண்டு இறந்தவர், அதற்காக பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். அவர் சண்டை போட்டது யாருக்காக? நம்மை ஆண்ட வெள்ளைக்காரனுக்காக, அதுவும் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பிடித்த தலைவர்கள் சிறையில் இருந்த சமயத்தில். இன்று யாராவது அவர் பெயரை எடுக்கச் சொல்கிறார்களா? சொல்லக்கூடாது, அவர் செய்தது அப்படி. பிறகு 43 வருடம் கழித்து அதே படைப்பிரிவில், அதே மாதிரி வெடியை எடுக்கப்போய் இறந்த இன்னொருவனை மட்டும் ஏன் கீழ்வரிசையில் ஒளித்து வைக்கிறீர்கள்?

குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற அலுவலர்களிடம் ஒரு வார்த்தை தனியாக. சிவில் அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்கு அந்தச் சிவப்பு ரிப்பன் என்ன என்று தெரியும். உங்களில் ஒருவராவது அந்த மேசையில் "அது கேலன்ட்ரி மெடல், அதை ஒதுக்கக்கூடாது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிசம்பர் 7 கொடிநாளுக்கு மேடையில் உட்கார்ந்து விதவைகளுக்குத் தையல் மெஷின் கொடுக்கும்போது உங்கள் பேச்சை அம்மா கீழே இருந்து கேட்டிருக்கிறார், ரொம்ப நன்றாகப் பேசுவீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் நாங்கள் மட்டும் இல்லை. இலங்கையில் மகனையோ கணவனையோ இழந்த வேறு குடும்பங்களும் இருக்கின்றன. அதில் ஓர் அம்மாள் பதக்கத்தை வெளியே எடுத்ததே இல்லை என்றார், எடுத்தால் யார் என்ன கேட்பார்களோ என்று. அவர்களையும் நீங்கள் கூப்பிட்டிருந்தீர்கள். எங்களுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு இரண்டு வீட்டார் வராமலே இருந்துவிட்டார்கள்.

இப்போது எங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

அப்பாவின் பெயர் போரில் வீழ்ந்தவர்கள் வரிசையில் வர வேண்டும். பெயருக்கு எதிரே, மற்றவர்களுக்கு எல்லை ஊரும் வருடமும் போடுவதைப் போலவே, 'யாழ்ப்பாணம், 1987' என்று போட வேண்டும். 'அயல்நாட்டுப் பணி' என்று பூசி மெழுகும் சமரசம் வேண்டாம், அப்படி ஒரு யோசனை ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இறந்த இந்த மாவட்டத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது பொருந்த வேண்டும். விடுபட்டவர்களைப் படைப்பிரிவு ஆவணங்களிலிருந்து நீங்களே தேடி எடுக்க வேண்டும், விண்ணப்பம் கொடு, சான்றிதழ் கொண்டு வா என்று அறுபது எழுபது வயதுப் பெண்களை அலைக்கழிக்கக்கூடாது.

பேழையில் மூன்று பதக்கங்களும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது ஒன்றும் வேண்டாம். ஒன்பது வருடப் பதக்கத்தை மட்டும் தர அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. உங்களிடம் இருக்கும் பட்டியலில் அதற்கு எதிரே நீங்கள் டிக் போட்டிருப்பதை அடித்துவிடுங்கள். வைப்பதாக இருந்தால், ஒப்புகைச் சீட்டில் ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பில் உள்ள எழுத்தையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், பூட்டும் காப்பீடும் இருக்க வேண்டும். சொல்லக் காரணம் உண்டு. ஜார்ஜ் கிராஸ் பெற்ற இமாச்சலத்துக் கிர்பா ராமின் பதக்கம் அவர் மனைவியிடமிருந்து திருடுபோய், 2009இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது.

முடியாது என்பதுதான் இறுதி முடிவு என்றால், அதை எழுத்தில் கொடுங்கள். எந்த விதியின்படி, எந்த ஆணையின்படி, யார் எடுத்த முடிவு என்று தேதியோடும் கையெழுத்தோடும். 'மேலே கேட்டாச்சு' என்ற வாய்வார்த்தை எங்களுக்கு வேண்டாம். அந்தக் கடிதத்தை வைத்து மேற்கொண்டு எங்கே போக வேண்டுமோ அங்கே போய்க்கொள்கிறோம். சுவரில் எழுத்து வெட்டும் வேலை தொடங்குவதற்கு முன்னால் பதில் வர வேண்டும், கல்லில் வெட்டிய பிறகு 'இனி மாற்ற முடியாதும்மா' என்று நீங்கள் சொல்லப்போவது எனக்கு இப்போதே காதில் கேட்கிறது. பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். விருது பெற்றவரின் மனைவி என்று அம்மாவின் பெயருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.